இறங்காத துள்ளல்

சுரைக்குடியில் அறுவடை முடிந்து வைக்கோலும் வீடு சேர்ந்துவிட்ட மாசி மாதத்தில், சிவகங்கைச் சீமையிலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து அந்த ஊர் வயல்களில் எருவுக்காகக் கிடை போட்டிருந்த இருளாயியின் மந்தையில், பிறந்து பத்து நாள் ஆகியிருக்குமோ ஆகியிருக்காதோ என்கிற ஒரு வெள்ளாட்டுக்குட்டி சாயங்கால வெயிலில் துள்ளியது. துள்ளிய குட்டி இறங்கவில்லை.

நான்கு காலையும் ஒன்றாகச் சேர்த்து, முதுகை வளைத்து, காரணம் ஒன்றும் இல்லாமல் பக்கவாட்டில் எம்பியது, ஆள் இடுப்பு உயரத்தில் போய் அப்படியே நின்றுகொண்டது. நின்ற இடத்திலேயே தலையை உதறியது, ஒரு சுற்றுச் சுற்றியது, கீழே நின்ற மற்றக் குட்டிகளைப் பார்த்து முன்னங்கால்களை மடக்கித் தலையைத் தாழ்த்தி, வாறியா என்று கேட்பதுபோல ஒரு குனிவு குனிந்தது. அவையும் துள்ளின. கொஞ்ச நேரத்தில் வயலுக்கு மேலே ஏழெட்டுக் குட்டிகள் முட்டிக்கொண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் புரண்டுகொண்டும் இருக்க, இருளாயி இடுப்பில் இருந்த தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, தாய்கள் மடி கனத்து நிற்கிற நேரத்தில் இதுகளுக்கு என்ன ஆட்டம் என்று திட்டினாள். முதலில் அவளுக்கு வந்தது எரிச்சல்தான். யோசனையெல்லாம் பிறகுதான் வந்தது.

ஆனால் யோசனை வந்துவிட்டால் அவளை விடாது. ஆறு வயதில் கையில் கம்பைக் கொடுத்து ஆட்டுக்குப் பின்னால் அனுப்பப்பட்டவள் அவள், அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் எதுக்கு என்று கேட்கிற பழக்கம், கேட்டுப் பதில் கிடைக்காமல் வளர்ந்த பழக்கம். அவள் புருஷன் சங்கிலி அதற்கு நேர்மாறு, வானம் பொத்துக்கொண்டு விழுந்தாலும் ஆடு நனையுமா என்று மட்டும் பார்க்கிற ஆள். குட்டிகள் அந்தரத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, நரி தொடாது, நல்லதுதான் என்று சொல்லிவிட்டுப் பட்டி வலையைக் கட்டப் போனான்.

பகல் முழுக்கக் குட்டிகள் கூடாப்புக்குள் கிடக்கும். கூடாப்பு என்றால் பனையோலையில் வேய்ந்து கவிழ்த்து வைத்த, பெரிய கூடை மாதிரியான ஒரு குட்டிக் குடிசை. தாய்கள் மேய்ச்சலிலிருந்து திரும்பியதும் அதைத் தூக்கிவிட, குட்டிகள் பால் குடித்துவிட்டு இருட்டும்வரை ஆடும். அந்த நேரத்தில்தான் அவை மேலே போயின. தாயைத் தேடித் தாவுகிற தாவல், வரப்பைத் தாண்டுகிற தாவல், நாயைக் கண்டு மிரண்டு ஓடுகிற ஓட்டம் எதுவும் அவற்றை அந்தரத்தில் நிறுத்தவில்லை. ஒன்றுக்கும் உதவாத துள்ளல் மட்டும் நின்றது. பசித்தால் மெதுவாக இறங்கின. பயந்தால் தொப்பென்று விழுந்தன.

சுரைக்குடிக்காரர்கள் இதைப் பார்க்க ஒருநாள் கூட்டமாக வந்தார்கள், மறுநாள் பாதிப் பேர் வந்தார்கள், அதற்கு மறுநாள் அவரவர் வேலையைப் பார்த்தார்கள், ஏனென்றால் அதற்குள் அவரவர் வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டது. டீக்கடைக்குக் கீழே பிறந்திருந்த நாய்க்குட்டிகள் பெஞ்சுக்கு மேலே ஒன்றின் காதை ஒன்று கடித்துக்கொண்டு மிதந்தன. பூனைக்குட்டி வாலைத் துரத்திக்கொண்டே ஓட்டுக்கூரை மட்டத்துக்குப் போனது. அமிர்தவல்லி வீட்டுக் கன்றுக்குட்டி வாலை நட்டுக்கொண்டு தொழுவத்துக்கு மேலே நின்றதையும், அமிர்தவல்லி கீழே நின்று காயப்போட்ட வடகத்தை மூடியதையும் ஊர் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தது. கோழிக்குஞ்சு போகவில்லை, வாத்துக்குஞ்சு போகவில்லை. தாயிடம் பால் குடித்து வளர்கிற சாதிக்கு மட்டும்தான் இந்த யோகம் என்று டீக்கடையில் முடிவு செய்தார்கள், வௌவால் குட்டியை மட்டும், அதற்கு இது புதுசில்லை என்பதால், கணக்கில் சேர்க்கவில்லை.

பிறகு பிள்ளைகளும் போனார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் மணி அடிக்கும்போது பாதி வகுப்பு வேப்பமரக் கிளை உயரத்தில் இருந்தது. விளையாட்டு வாத்தியார் இதை வைத்து மாவட்ட அளவில் உயரம் தாண்டுதலில் ஜெயித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, விசில் ஊதித் தாண்டச் சொன்னார். விசில் சத்தத்தில் தாண்டிய பிள்ளைகள் எல்லா ஊர்ப் பிள்ளைகளையும்போல மணலில் விழுந்தார்கள். ஊராட்சித் தலைவர் தனுக்கோடி, நூறு கிலோவுக்குக் குறையாத மனிதர், பிள்ளைகள் போகிற இடத்துக்குத் தலைவர் போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று மாலையெல்லாம் போட்டுக்கொண்டு களத்தில் துள்ளினார். காலில் கட்டோடு ஒரு மாதம் கிடந்தார். பெரியவர்கள் யாருக்கும் அது வாய்க்கவில்லை, எதற்காகத் துள்ளுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இருளாயியின் மகள் செவந்திக்கு அப்போது நாலு வயது. குட்டிகளோடு குட்டியாகப் படுத்து எழுந்து வளர்கிறவள், ஆகவே அவள் மேலே போனதில் யாருக்கும் அதிசயமில்லை. கையைத் தரையில் ஊன்றித் தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் ஒரு துள்ளு துள்ளுவாள், பாவாடை குடைபோல விரிய மேலே போவாள், குட்டிகள் அவள் மடியில் முட்டும், அவள் புரண்டு சிரிப்பாள். இறங்கும்போது ஒருதரம்கூட நேராக இறங்கியதில்லை. சாய்ந்து, சுழன்று, முதுகாலே, தோளாலே, எப்படியெல்லாம் விழக்கூடாதோ அப்படியெல்லாம் விழுந்தாள். குட்டிகளும் அப்படித்தான். நேராக இறங்கத் தெரிந்ததுகள் ஏன் வேலை மெனக்கெட்டுக் கோணலாக விழுகின்றன என்று இருளாயி அடுப்படியில் உட்கார்ந்து பார்த்தாள், சோறு அடிப்பிடித்ததுதான் மிச்சம்.

இன்னொன்றையும் பார்த்தாள். பெரிய குட்டி சின்னக் குட்டியோடு ஆடும்போது வேண்டுமென்றே கீழே விழுந்து கொடுத்தது. முட்டும்போது பாதி பலத்தைக் கைவசம் வைத்துக்கொண்டது. பலத்தைக் காட்டிவிட்டால் மற்றது ஆட வராது என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது, அதை வெளியே சொல்லவும் வெட்கமாக இருந்தது.

அப்புறம்தான் பொட்டு செத்தது. முதல்முதலில் துள்ளிய அந்தக் குட்டிதான் பொட்டு, நெற்றியில் வெள்ளையாக ஒரு பொட்டு இருந்ததால் அந்தப் பெயர். பங்குனி வெயில் தாழ்ந்த ஒரு நேரத்தில் அது மற்றவற்றை விட்டுவிட்டு நெல் காயப்போடுகிற சிமெண்டுக் களத்துக்கு மேலே தனியாக ஆடிக்கொண்டே போனது, தென்னை உயரத்துக்குப் போனது, அதற்கு அப்பால் கரண்டுக் கம்பி போனது. கம்பிக்கும் குட்டிக்கும் நடுவே இன்னும் எவ்வளவோ இடம் இருந்தது. இருளாயிக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு கூப்பாடு போட்டாள். குட்டி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தது. பார்த்த மறுகணம் கல் மாதிரி விழுந்தது.

அதைப் புதைத்துவிட்டு வந்த கையோடு அவள் தன் பழைய சேலையைக் கிழித்தாள். கீதாரிகள், அதாவது ஊர் ஊராகக் கிடை போடுகிற அவளுடைய சனங்கள், அடங்காத மாட்டுக்குக் கழுத்தில் கட்டை கட்டுவது வழக்கம், ஓடுகிற குட்டிக்கு உடம்பு பிடிக்காது என்பதும் அவர்கள் கண்ட நம்பிக்கை. இரண்டையும் சேர்த்து அவள் ஒரு வேலை செய்தாள். வாய்க்கால் மணலை அள்ளித் துணியில் முடிந்து ஒவ்வொரு குட்டியின் கழுத்திலும் தொங்கவிட்டாள். கடைசி முடிச்சைச் செவந்தியின் அரைஞாண் கயிற்றில் கட்டினாள். செவந்தி அழுதாள், உருண்டாள், முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள், பிறகு அழுகையை விட்டுவிட்டாள்.

ஊருக்கு அந்த யோசனை பிடித்துப்போனது. எத்தனை நாள்தான் பிள்ளையை அண்ணாந்து பார்த்துச் சோறு ஊட்டுவது. தையல்காரர் வெட்டுத்துணியில் மணல்பை தைத்துக் கொடுத்தார், பள்ளிக்கூடம் சீருடையோடு அதையும் சேர்த்தது, கன்றுக்கு ஒரு அளவு, நாய்க்குட்டிக்கு ஒரு அளவு என்று வந்தது. சித்திரை பிறந்தபோது சுரைக்குடி வானத்தில் காக்கை குருவியைத் தவிர ஒன்றும் இல்லை. தனுக்கோடி கால் கட்டைப் பிரித்துக்கொண்டு வந்து, ஆடு மேய்க்க வந்த பொம்பளை ஊருக்கே நல்லது செய்துவிட்டாள் என்று இருளாயியைப் புகழ்ந்து பேசினார்.

குட்டிகள் கொழுத்தன. பார்க்க லட்சணமாக, சொன்ன இடத்தில் நின்றன. ஆனால் ஒன்றோடொன்று உரசினால் நிதானமில்லாமல் முட்டின, ஒரு குட்டிக்கு ஒரு கண் போயிற்று. டீக்கடை நாய்க்குட்டிகள் கடித்தால் ரத்தம் வந்தது, எந்த அளவோடு நிறுத்த வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியவில்லை. வரப்பில் கால் இடறிய குட்டி மல்லாந்து கிடந்து, யாராவது வந்து தூக்கட்டும் என்று வானத்தைப் பார்த்தது. இருளாயி தூக்கித் தூக்கி நிறுத்தினாள், எதுக்கு இப்படி ஆகிறது என்கிற கேள்வி மறுபடியும் அவளைப் பிடித்துக்கொண்டது, இந்தத் தடவை சந்தோஷமில்லாமல்.

ஒருநாள் செவந்தி சமதரையில் நடந்து வரும்போது விழுந்தாள். எல்லாக் குழந்தையும் விழும், அது ஒன்றுமில்லை. ஆனால் அவள் கையை முன்னால் நீட்டவில்லை. மரம் சாய்வதுபோல முகம் குப்புற விழுந்து, மூக்கிலும் உதட்டிலும் ரத்தம் வழிய, அழக்கூடச் செய்யாமல் கிடந்தாள்.

குட்டிகளுக்குத் தடுப்பூசி போட வந்திருந்த கால்நடை மருத்துவர் நஸீமாதான் அவள் உதட்டைத் துடைத்து மருந்து வைத்தார். மந்தையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, மணல் முடிச்சு ஒன்றைக் கையில் ஏந்தி எடை பார்த்தார். இருளாயி அவரிடம் கேட்டாள், பாலைக் குடித்துவிட்டுப் படுத்துக் கிடந்தால் சதை வைக்கும், நரி கண்ணில் படாது, அப்படியிருக்க இதுகள் எதற்காகத் துள்ளுகின்றன என்று. நஸீமா படித்தவர்களுக்கே அதில் இன்னும் சண்டை தீரவில்லை என்றார். எலி, யானை, மனுஷன், கடலில் இருக்கிற திமிங்கிலம், பால் குடிக்கிற குட்டியில் ஏறக்குறைய எல்லாமே விளையாடுகின்றன, அதில் அடிபட்டுச் சாகிற குட்டியும் உண்டு, இருந்தும் விடவில்லை, நஷ்டத்தைவிட லாபம் பெரிசாக இருந்தால்தானே விடாமல் இருக்கும் என்றார்.

"வேணும்னே தடுமாறிப் பாக்குதுங்க அக்கா. பாதுகாப்பா இருக்கற நேரத்துல தடுமாறி, விழுந்து, எந்திரிச்சுப் பழகிக்குதுங்க. எவ்வளவு முட்டினா வலிக்கும், எவ்வளவு முட்டினா சிநேகம், அதையும் அதுலதான் கத்துக்குதுன்னு நெனைக்கிறோம்."

"அப்ப அது ஒரு படிப்பா டாக்டரம்மா? அதுகளுக்குத் தெரியுமா படிக்கிறோம்னு?"

"தெரியாது. தெரிஞ்சா அப்புறம் அது வெளையாட்டா இருக்காதே."

இருளாயி ராத்திரி முழுக்க அதை நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள். விடிந்ததும் செவந்தியின் முடிச்சில் கை வைத்தாள். சிமெண்டுக் களத்தில் கிடந்த பொட்டு கண்ணில் வந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

ஆனி பிறக்கும் முன்னே ஊர் திரும்புவது வழக்கம், அணை திறந்து தண்ணீர் வந்துவிட்டால் வயலில் ஆட்டுக்கு இடமிருக்காது. வரும்போது காய்ந்து கிடந்த பெரிய வாய்க்காலை மணலில் நடந்தே கடந்து வந்திருந்தார்கள், அப்படியே திரும்பிவிடலாம் என்று மூட்டை கட்டினார்கள். தண்ணீர் ஒருநாள் முந்திக்கொண்டது. காலையில் பார்த்தால் சருகும் நுரையும் சுருட்டிக்கொண்டு வாய்க்கால் நிறைய ஓடுகிறது, நாழிகைக்கு நாழிகை ஏறுகிறது, வயல் மடைகள் பொங்கிக் கிடை போட்ட இடத்தில் கணுக்கால் தண்ணீர். கடக்க ஒரே வழி மதகுச் சுவர், ஓரடி அகலம். சங்கிலி பெரிய ஆடுகளை அதன்மேல் வரிசையாக ஓட்டிக்கொண்டு அக்கரை போய்விட்டான். அவை பழைய ஆடுகள், துள்ளி வளர்ந்தவை, பேச்சுவாக்கில் போவதுபோலப் போயின.

இக்கரையில் இருளாயியும் செவந்தியும் அந்த வருஷத்துக் குட்டிகள் அத்தனையும் நின்றார்கள். தாய்கள் அக்கரையில் கத்தின. முதல் குட்டி சுவரில் நாலடி வைத்தது, தடுமாறியது, தடுமாறினால் என்ன செய்வது என்று தெரியாமல் தண்ணீரில் விழுந்தது. கழுத்து மணல் அதை நேராக அடிக்கு இழுத்தது. சங்கிலி குதித்து மூழ்கித் தேடிக் கொண்டுவந்து போட்டான், உயிர் இருந்தது, அவ்வளவுதான். மற்றக் குட்டிகள் சுவர்மேல் கால் வைக்கவே இல்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிப் போக நேரமில்லை, தண்ணீர் சுவரின் மேல்விளிம்பை நக்க ஆரம்பித்திருந்தது.

புதுத்தண்ணியை வரவேற்கத் தப்பு அடித்துக்கொண்டு, பூவும் நெல்லும் எடுத்துக்கொண்டு ஊரே கரைக்கு வந்த நேரம் அது. அவர்கள் கண்முன்னால் இருளாயி அரிவாளை எடுத்து மணல் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அறுத்தாள். கட்டி மூழ்கடிப்பதைவிட அவிழ்த்துப் பயப்படுவது மேல் என்று அவள் கை முடிவு செய்துவிட்டது. ஆனால் அவிழ்த்த குட்டிகள் அப்படியே நின்றன. துள்ளுவது எப்படி என்று மறந்துபோயிருந்தது. செவந்தி வந்து அரைஞாணைக் காட்டி, எனக்கு என்றாள். அதையும் அறுத்தாள்.

செவந்தி கையைத் தரையில் ஊன்றினாள். தலையைத் தாழ்த்தினாள். குட்டிகளைப் பார்த்துப் பக்கவாட்டில் ஒரு துள்ளு துள்ளினாள். கண் போன குட்டி முதலில் காதை ஆட்டியது, அதற்கு என்ன ஞாபகம் வந்ததோ, அதுவும் ஒன்று துள்ளியது. பிறகு இன்னொன்று, பிறகு இரண்டு, பிறகு எண்ண முடியவில்லை, கரையெங்கும் குட்டிகள் எழும்பின, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, புரண்டுகொண்டு, சுவரின் பக்கமே போகாமல் தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் ஆடிக்கொண்டு போயின, அவற்றின் நடுவே பாவாடை விரியச் செவந்தியும் போனாள்.

நடு வாய்க்காலுக்கு மேலே போனதும் செவந்தி திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

இருளாயியின் தொண்டையில் கூப்பாடு வந்து நின்றது. அதே கூப்பாடு, களத்தில் போட்டதே அதே. வாயைத் திறந்துவிட்டாள், அந்தக் கணத்தில்தான் அவளுக்கு விளங்கியது, பொட்டைக் கொன்றது உயரமும் இல்லை, கம்பியும் இல்லை, தன் முகம். வாயை மூடினாள். கரையில் தப்புக்காரன் ஓங்கிய குச்சியைத் தனுக்கோடி எட்டிப் பிடித்தார், தப்பின் தோல்மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கிக்கொண்டார்.

இருளாயி சிரித்துப் பார்த்தாள். அது சிரிப்பில்லை என்று பிள்ளைக்குத் தெரிந்தது, செவந்தி ஒரு சாண் இறங்கினாள். அவள் பாதத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே இன்னொரு சாண்தான் இருந்தது. இருளாயி சேலையை வரிந்துகொண்டு, ஊர் பார்க்க, நாலு காலில் நின்றாள். தலையைத் தாழ்த்தினாள். கம்பு பிடித்த நாளிலிருந்து செய்யாத காரியம், எப்படிச் செய்வது என்று தெரியவில்லை, ஆட்டைப் பார்த்து ஞாபகம் இருந்த மட்டும் பக்கவாட்டில் ஒரு துள்ளு துள்ளினாள். சேறு வழுக்கியது. இரண்டு காலும் மேலே போக, ஊரையே நனைக்கிற மாதிரி தொப்பென்று மல்லாந்து விழுந்தாள். மூக்கிலும் வாயிலும் சேறு. அதை அவள் திட்டம் போட்டுச் செய்யவில்லை, ஆகவே அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, வயிறு குலுங்குகிற சிரிப்பு, அடக்கினால் மூக்கால் வருகிற சிரிப்பு.

செவந்தி அதைப் பார்த்தாள். பார்த்துக் கையைத் தட்டிக்கொண்டு, குட்டிகளுக்கு மேலே குட்டியாக, பனை உயரத்துக்கு எழும்பினாள். எழும்பிய வேகத்தில் அக்கரைக்குப் போனாள்.

அங்கே தாய்கள் மடியோடு காத்திருக்க, குட்டிகளுக்குப் பசி ஞாபகம் வந்து ஒவ்வொன்றாக இறங்கின, சாய்ந்தும் சுழன்றும் கோணலாகவும். செவந்தி கடைசியாக விழுந்தாள். வேகமாகத்தான் விழுந்தாள். ஆனால் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, உள்ளங்கையை ஊன்றி, தோளைச் சாய்த்து ஒரு உருளு உருண்டு எழுந்து நின்றாள். கை இரண்டும் சிராய்த்திருந்தது. அதை அம்மாவுக்குத் தெரிகிற மாதிரி உயரத் தூக்கிக் காட்டினாள்.

"ஆத்தா, இங்க பாரு, விழுந்தேன்."

தனுக்கோடி தப்பிலிருந்து கையை எடுத்தார். தப்பு முழங்கியது, பெண்கள் பூவைத் தண்ணீரில் விட்டார்கள், தாய்மார் சிலர் குனிந்து தங்கள் பிள்ளைகளின் இடுப்பில் மணல்பையின் முடிச்சைத் தேடினார்கள்.

இருளாயி சேற்றிலிருந்து எழுந்தாள். அறுத்துப் போட்ட துணிகளைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போக, மணல் கரைந்து வாய்க்காலோடு சேர்ந்தது. சேலையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, விளிம்பெல்லாம் நனைந்து வழுக்குகிற மதகுச் சுவரின்மேல் ஏறினாள். பார்த்துப் பார்த்துக் காலை வைத்து, நடந்து போய்விடலாம் என்றுதான் கிளம்பினாள், நாலாவது அடியில் கால் தானாகப் பக்கவாட்டில் ஒரு துள்ளு துள்ளியது.